இரத்தம் தந்தோம், கணக்கு எங்கே?

இலங்கையில் வளர்ந்தோர் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் அவர்களுள் 23 பேர் சலரோகம் உடையவர்கள். 2018ஆம், 2019ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் நடந்து, 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றின் முடிபு இது. அதற்கு முன்னர், 2005–06இல் நடந்த பெரிய ஆய்வு, இருபது வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 10.3 பேருக்கே இந்நோய் உண்டென்று கூறியிருந்தது. அவர்களுள்ளும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் தமக்கு நோயிருப்பதை அறியாதிருந்தவர்கள். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போர், நோய் இரட்டித்துவிட்டதென நடுங்குகின்றனர். நடுக்கம் நியாயமானதே. இரு ஆய்வுகளின் முறைகளும் ஒன்றல்ல. ஆகவே, இரட்டித்தது என்று சத்தியக்கடதாசி முடிக்க நான் துணியேன். ஆயினும் நோய் பெருகுகின்றது என்பதை மறுப்பார் யார்? இணுவிலில் எந்தத் தெருவிலே சீனி போடாத தேநீர் ஊற்றப்படாமல் இருக்கின்றது?

ஆனால், வழக்கறிஞனின் கண்ணுக்கு முதலிற் படுவது எண்ணன்று. அந்த எண் யாரைப் பற்றியது என்னும் வரியே. 2005–06ஆம் ஆண்டு ஆய்வு ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே நடந்தது. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. நாட்டின் சலரோகக் கணக்கு என்று உலகம் முழுவதும் எடுத்துக் காட்டப்பட்ட அந்தப் பத்துச் சொச்சத்தில் யாழ்ப்பாணத்தார் ஒருவரது இரத்தமேனும் இல்லை. மட்டக்களப்பார் ஒருவரதும் இல்லை.

இது ஒருமுறை நேர்ந்த தவறென்று எண்ணிவிடாதீர்கள். தாய்மாரையும் குழந்தைகளையும் பற்றிய குடித்தொகை, சுகாதார ஆய்வு என்று ஒன்றுண்டு. குழந்தையின் நிறை என்ன, உயரம் என்ன, தாய்ப்பால் எத்தனை மாதம், தாயின் உடல்நிலை எப்படி என்றெல்லாம் வீடு வீடாகக் கேட்டு எழுதுவது. 1987இல் நடந்தது, வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. 1993இல் நடந்தது, விடப்பட்டன. 2000இல் நடந்தது, விடப்பட்டன. 2006–07இல் கிழக்கைச் சேர்த்தனர், வடமாகாணத்தை விட்டனர். இருபத்தைந்து மாவட்டங்களையும் உள்ளடக்கிய முதலாவது ஆய்வு 2016இலேதான் நடந்தது. அஃதாவது, 1987இற் பிறந்த யாழ்ப்பாணத்துக் குழந்தை வளர்ந்து, மணம் முடித்து, தானே தந்தையாகும் வரையில் அக்குழந்தையின் தலைமுறையை நாட்டின் ஊட்டக் கணக்கு ஒருமுறையேனும் நிறுத்துப் பார்க்கவில்லை.

போர் நடந்தது என்பர். ஒப்புக்கொள்கின்றோம். குண்டு விழும் ஊருக்கு நிறைகோலும் ஊசியும் தூக்கிக்கொண்டு வரவில்லையென்று ஆய்வாளரைக் குற்றங்கூறுவது நியாயமாகாது. நமது குறை அவர்மீதன்று. எண்ணப்படாத காலத்துக்கு ஈடுசெய்ய வேண்டும் என்னும் எண்ணம், எண்ணத் தொடங்கிய பின்னரும் எவருக்கும் எழவில்லையே, அதுவே குறை. நீதிமன்றத்தில் ஆவணம் இல்லாதவனுக்கு வழக்கில்லை. அரசாங்கத்தின் ஏட்டிலோ, எண்ணில் இல்லாதவனுக்கு ஒதுக்கீடு இல்லை.

அண்மையில் ஒரு மாலை, காணி வழக்கொன்றின் நிமித்தம் எமது ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். எழுபதைக் கடந்தவர். புகையிலையும் வெங்காயமும் செய்து ஐம்பது ஆண்டு செம்மண்ணைக் கொத்தியவர். வழக்குக் கதை முடிந்தபின் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“தம்பி, முந்தி ஒருக்கால் ஒரு குழு வந்து எங்கட பக்கம் எல்லாரிட்டையும் ரத்தம் எடுத்துக்கொண்டு போனவை. கையெழுத்தும் வாங்கினவை. இண்டு வரைக்கும் ஒரு மறுமொழி இல்லை. அதைக் கேக்கச் சட்டத்தில இடமிருக்கோ?”

“இருக்கு, ஐயா. ஆனால், இதைக் கேக்க வேணுமெண்டு நினைச்ச முதல் ஆள் நீங்கள்தான்” என்றேன்.

அவருடைய கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். எந்தக் குழு, எந்த நிறுவனம் என்பது ஈண்டு வேண்டாம். இரத்தம் தந்தவனுக்குக் கணக்குக் காட்டும் கடமை உண்டா என்பதே வினா. உண்டு. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் ஒரு பிரகடனம் செய்தது. மனிதரை வைத்து ஆய்வு செய்வோர் ஒழுகவேண்டிய நெறிகள் அதிலே உள்ளன. 2013இல் திருத்தப்பட்ட அதன் வாசகம், ஆய்வுக்கு உட்பட்டோர் அனைவருக்கும் அதன் பொது முடிபுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, பகிரங்க அதிகாரசபைகளிடம் எந்தப் பிரசையும் கேட்கலாம் என்கிறது. கேட்டால் 14 வேலை நாள்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு கூறவேண்டும். பிறருடைய மருத்துவக் குறிப்பைக் கேட்க முடியாது, அது சரியே. ஆனால் எம் ஊரின் மொத்த முடிபைக் கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம்.

இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? ஒரு துண்டுக் கடதாசிக்காகவா? அன்று. இந்த நோயின் வேர் எங்கே இருக்கின்றது என்று அறிவியல் இப்பொழுது கூறுவதைக் கேட்டால், எண்ணப்படாமை எத்துணைப் பெரிய இழப்பு என்பது விளங்கும்.

சலரோகம் உண்டு கொழுத்தோரின் நோய் என்றே நெடுங்காலம் நம்பினோம். “காலை தொட்டு மாலை வரை மண்வெட்டி பிடிப்பவனுக்கு எங்கே சீனி வருத்தம்?” என்று சிரித்தோம். பூனே நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இந்த நம்பிக்கையைத் தம் உடம்பைக் காட்டியே உடைத்தார். அவரும் ஆங்கில வைத்தியர் ஜோன் யுட்கினும் அருகருகே நின்ற படமொன்று 2004இல் லான்செற் ஏட்டில் வந்தது. உயரத்துக்குத் தக்க நிறையென்று பார்த்தால் இருவரும் ஒன்றே; இருவருக்கும் குறியெண் 22.3. உடலிற் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோதோ, ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1, இந்தியருக்கு 21.2. மெலிந்து தோன்றுகின்ற எம்மவர் உடம்புக்குள்ளே கொழுப்பு மறைந்து கிடக்கின்றது. இது பிறப்பிலேயே தொடங்குவது. பூனேயை அடுத்த கிராமங்களிற் பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. அத்துணை சிறிய குழந்தையிடத்தும் கொழுப்புக் குறையவில்லை. தசையும் உறுப்புகளுமே குறைந்திருந்தன.

இதற்கு முன்னரே, 1992இல், ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். கருவிலே பட்டினி கண்ட குழந்தை, கிடைத்ததைச் சிக்கனமாய்ச் சேமிக்கும் உடம்போடு பிறக்கின்றது; பின்னர் வயிறார உணவு கிடைக்கும் காலம் வரும்போது அதே சிக்கனம் சலரோகமாய் மாறுகின்றது என்பது அக்கருத்து. ஒல்லாந்து நாட்டிலே 1944–45 மாரியில் ஜெர்மானியப் படை உணவுப் பாதையை அடைத்தபோது, மக்களுக்குக் கிடைத்த பங்கு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கியது. அக்காலத்தில் தாய் வயிற்றில் இருந்தோரை ஐம்பதாண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துச் சோதித்தனர். அவர்களின் உடம்பு சீனியை அடக்கும் ஆற்றலிற் பின்தங்கியிருந்தது. ஒல்லாந்தர் இதனை எப்படி அறிந்தனர்? அந்தப் பஞ்ச நாளிலும் ஆசுபத்திரியில் மருத்துவிச்சிமார் குழந்தையை நிறுத்து ஏட்டில் எழுதினர். அந்த ஏட்டை எவரும் எறிந்துவிடவில்லை. வேறு மாயமில்லை.

பாதை அடைபடுவது எப்படியிருக்கும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு ஒல்லாந்தர் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் எத்தனை பொருள்களுக்குத் தடை இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். எரிபொருள் இல்லை, பசளை இல்லை. நீரிறைக்கும் இயந்திரம் உறங்கியது, தோட்டம் காய்ந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அந்தக் கூட்டத்திலே நிறைமாதக் கர்ப்பிணிகள் எத்தனை பேர்? 2006 ஓகஸ்டில் முகமாலை அடைபட்டது. 2009இல் வன்னிக் கரையிலே கஞ்சியொன்றே உணவாகியது. அக்கஞ்சியைக் குடித்துக் கருச்சுமந்த தாய்மார் இன்றும் எம்மிடையே இருக்கின்றனர். 1990களிற் பிறந்த குழந்தைகள் இன்று முப்பது வயதைச் சூழ்ந்து நிற்கின்றனர். சலரோகம் கதவைத் தட்டும் வயது அது. பூனேயும் ஒல்லாந்தும் கூறுவது உண்மையாயின், மற்றெல்லா மாவட்டங்களையும் விட முந்திக் கவனிக்க வேண்டிய தலைமுறை இதுவே. அவ்வாறிருந்தும், 1993, 2000, 2006–07 ஆகிய மூன்று கணக்கெடுப்பும் தாண்டிச் சென்றதும் இந்தத் தலைமுறையையே.

சென்றது சென்றது என்று கைகழுவிவிடலாமா? சாட்சியம் முற்றாய் அழியவில்லை. குழந்தை பிறந்ததும் தாயின் கையிற் கொடுக்கப்பட்ட கிளினிக் அட்டை நினைவிருக்கின்றதா? பிறந்த நாள், பிறப்பு நிறை, மாதந்தோறும் நிறுத்த நிறை, ஏற்றிய தடுப்பூசி யாவும் அதில் உள்ளன. குடும்பநல உத்தியோகத்தராகிய அந்த எளிய பெண்மணி, ஷெல் விழுந்த நாளிலும் சைக்கிள் உழக்கிவந்து எழுதிய கையெழுத்து அது. அரசாங்கத்தின் ஏடு எம்மை விட்டுவிட்டது. எமது ஏடு எமது றங்குப் பெட்டியில் இருக்கின்றது.

1995இல் நாங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது எனக்குப் பதினைந்து வயது. என் தாயார் காணி உறுதிகளைப் பொலித்தீன் பையிலிட்டு இடுப்பிற் கட்டிக்கொண்டார். எங்கள் மூவரின் கிளினிக் அட்டைகளும் அலுமாரித் தட்டிலேயே கிடந்தன. அடுத்த ஆண்டு திரும்பியபோது அலுமாரியே இல்லை. உறுதி ஒன்றும் தொலையவில்லை. யாழ்ப்பாணத்தான் மண்ணுக்கு ஆவணம் காப்பான், உடம்புக்குக் காக்கமாட்டான் என்று நான் நண்பரிடம் நகையாடுவதுண்டு. நகை என்னைப் பற்றியதுமாம்.

உடம்பைப் பற்றிக் கூறியது உணவுக்கும் பொருந்தும். அளக்கப்படாத உணவுக்கும் மதிப்பில்லை; அதனைக் கமக்காரர்கள் சற்று ஊன்றிக் கேட்கவேண்டும். நூறாண்டுக்கு முன் கிழக்காசியாவெங்கும் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு சோரும், நெஞ்சு நின்றுவிடும். மலாயாவிலே ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர் இந்நோயால் மாண்டனர். பக்கத்திலேயே வாழ்ந்த தமிழர்களை நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. சீனர் தீட்டிய பச்சையரிசியை உண்டனர், தமிழர் புழுங்கலரிசியை உண்டனர் என்பதை ஆங்கில வைத்தியர் பிராடன் கண்டார். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வைத்தியர் பிளெச்சர் நோயாளரை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சையரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் கொடுத்தார். இடத்தின் குற்றமோ என்னும் ஐயத்தை நீக்க, இடையில் இரு சாராரின் இருப்பிடத்தையும் மாற்றிப் போட்டார். நோய் அரிசியைத் தொடர்ந்தது, அறையைத் தொடரவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமியையும் தவிட்டையும் ஒட்டிநின்ற உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. பின்னர் தீட்டினும் முற்றாய்ப் போவதில்லை. எமது பாட்டிமார் அண்டாவிலே செய்துவந்த வேலை இது. அந்நாளில் மலாயாவில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார் எத்தனையோ பேர்! அவர்கள் உண்ட சோற்றின் பெருமையை அவர்களுக்கு முன் அளந்து எழுதியவர் அந்நியர்.

இந்தியா இதிலிருந்து பாடம் கற்றது. 1918இல் நீலகிரிக் குன்னூரிலே மக்கரிசன் என்பவர் ஓர் அறையிற் பெரிபெரி ஆராய்ச்சி தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்ட நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்திய உணவுகளின் சத்துக் கணக்கை இன்று எவர் கேட்பினும் அந்நிறுவனத்தின் அட்டவணையையே புரட்டுவர்.

எமது மண்ணிலும் வேலை நடக்காமலில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனப் பேராசிரியை வசந்தி அரசரத்தினமும் உடன் ஆய்வாளரும் எம் அன்றாட உணவுகளை உண்டபின் இரத்தத்திற் சீனி எவ்வளவு விரைந்து ஏறுகின்றது என்பதை முறைப்படி அளந்திருக்கின்றனர். வெறுஞ் சோற்றின் கணக்கு வேறு, கறியோடு உண்ட சோற்றின் கணக்கு வேறு என்பது அவ்வாய்வுகளிலே தெரியவந்தது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான்ஸ் என்பவரின் குழு பனம்பழக் களியை ஆராய்ந்தது. அதன் கசப்பான பொருள்கள் சுண்டெலிகளின் குடலிலே சீனி உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன என்று கண்டது. பனைக்காகக் கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம் பாடுபட்டதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

உடனே நம்மவரில் ஒரு சாரார் “முன்னோர் அறியாததா!” என்று மேடையேறிவிடுவர். அவர்களை வேண்டிக்கொள்கிறேன்: சற்றுப் பொறுங்கள். சுண்டெலி மனிதனன்று. பனங்களியைக் கண்டபடி குடித்து மாத்திரையை நிறுத்தியவன் ஆசுபத்திரிக் கட்டிலிலே கிடப்பான். சிவப்பரிசி நல்லதென்று மூன்று கோப்பை அடிப்பவனுக்கு நிறம் உதவாது. பெருமை பேசுதற்கு ஆய்வு வேண்டியதில்லை. அளவு சொல்லுதற்குத்தான் வேண்டும். மொட்டைக்கறுப்பன் நெல்லின் புழுங்கல் இவ்வளவு உண்டால் சலரோகிக்கு இவ்வளவு ஏறும் என்று ஆவணத்தோடு சொல்ல முடிந்தால், அந்த நெல்லுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டாகும். சொல்ல முடியாதவரை, கமக்காரன் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கோதுமை மா வாங்கிப் போவான்.

அளந்தவற்றையேனும் அவன் அறிவானா? ஆய்வுகள் ஆங்கிலத்திலே பிறந்து, ஆங்கிலத்திலே அச்சேறி, ஆங்கிலத்திலேயே அடங்கிவிடுகின்றன. 1864இல் மானிப்பாயிலே அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவம் முழுவதையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். அதற்கென நூல்களை மொழிபெயர்த்தார். அந்நியர் ஒருவர் இணுவிலுக்குக் கூப்பிடு தூரத்திலே செய்து காட்டியதை நாம் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் முடியாதென்கின்றோம். ஒல்லாந்தரைப் பாருங்கள். திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தபோது, அதனைத் தமிழாக்கிப் பன்னிரண்டு முதலியார்களுக்குக் காட்டி, சரியென்று அவர்கள் கைச்சாத்திட்ட பின்னரே சட்டமாக ஏற்றனர். எம்மை ஆள வந்தவன்கூட, எம்மைப் பற்றி எழுதியதை எமக்கு எம் மொழியிற் படித்துக் காட்டினான். 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்று கூறிய நாட்டிலே, எம் இரத்தத்தைப் பற்றி எழுதியதை எமக்கு யார் படித்துக் காட்டினார்?

ஆகவே, சுகாதார அமைச்சையும் ஆய்வு நடத்துவோரையும் நாம் கேட்பது இது. இனி எந்தக் குழுவினர் எம் ஊருக்கு ஊசியோடு வந்தாலும், ஒவ்வொருவரின் முடிபும் தமிழில் எழுதப்பட்ட துண்டாக அவரவர் கைக்கு வரவேண்டும். ஊரின் மொத்த முடிபு சனசமூக நிலையத்திலே வாசிக்கப்பட வேண்டும். 1990 தொடக்கம் 2009 வரையில் வடக்கிலும் கிழக்கிலும் பிறந்தோரைப் பற்றித் தனியாய்வொன்று யாழ்ப்பாண, கிழக்குப் பல்கலைக்கழகங்களின் பொறுப்பில், அரசாங்கத்தின் செலவில் நடக்கவேண்டும். ஆசுபத்திரிப் பழைய பிரசவ ஏடுகளைக் கறையான் தின்னுமுன் பிரதி எடுக்கவேண்டும். இவற்றைச் சலுகையென்று இரந்து கேட்கவில்லை. இருபது ஆண்டு விடுபட்ட கணக்கின் நிலுவை என்றே கேட்கின்றோம்.

நாம் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு. அந்தத் தோட்டக்காரர் மறுவாரம் மீண்டும் வந்தார். அவருடைய இளைய மகள் 1996 தைமாதத்தில், இடம்பெயர்ந்திருந்த கொட்டிலிலே பிறந்தவள். முதற் பிள்ளையைச் சுமந்தபோதே அவளுக்கு இரத்தத்திற் சீனி ஏறியதாம். பெட்டியைக் கிளறி அவளுடைய அட்டையை எடுத்து வந்திருந்தார். மடிப்புகள் கிழிந்து, மை பழுப்பேறியிருந்தது. பிறப்பு நிறை என்ற கட்டத்தில் 2.1 என்றிருந்தது. அவள் இப்பொழுது கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகின்றாளா என்று கேட்டேன். பிள்ளை பிறந்தபின் போகவில்லை என்றார். கருக்காலத்திற் சீனி ஏறியவருக்குப் பின்னர் நோய் நிலைபெறும் வாய்ப்பு மிகுதி. ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினேன். அதைச் சொல்ல வழக்கறிஞன் வேண்டியிருந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய அட்டை இருக்கலாம். தேடுங்கள். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தரவைச் சிறப்பாகக் காக்கவேண்டியவற்றுள் ஒன்றாய் வகுத்திருக்கின்றது. ஆகவே மூல அட்டையை எவர் கேட்டாலும் கொடாதீர்கள், எம் கட்சிக்காரர் கேட்டாலும் கொடாதீர்கள். இருபுறமும் பிரதி எடுத்து, ஒரு பிரதியை அந்தப் பிள்ளையிடமே கொடுத்து, அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது காட்டச் சொல்லுங்கள். மூலத்தைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.